தாடி பேரில்

அக்கா திரையில் சர்வர் பதிவை உருட்டிக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் மேனேஜர் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டபடி நின்றார். ஆபீஸில் எல்லாருக்கும் அவள் அக்கா. சர்வர் அவள் பொறுப்பு. காலையிலிருந்து வாடிக்கையாளர் ஒருவருக்கும் பில் போகவில்லை. நேற்று சாயங்காலம் யாரோ புரோகிராமில் கை வைத்து, அதைப் பொது சர்வரில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

"யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம், போதும்."

"தாடி பேர்ல இருக்கு சார்."

பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது. தாடி என்று எல்லாரும் கூப்பிடும் அந்த ஒப்பந்த ஆள் நேற்று மதியமே ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஒப்பந்த ஆட்களுக்கு சர்வரில் நுழையத் தனித்தனிக் கணக்குக் கிடையாது. மூலையிலிருந்த ஒரே கம்ப்யூட்டரிலிருந்துதான் எல்லாரும் ஏற்றுவார்கள். அதில் முதலில் உட்கார்ந்தவன் தாடி என்பதால், யார் ஏற்றினாலும் அவன் பெயரே விழும். "ஆளுக்கொரு கணக்கு போட்டுக் குடுங்கக்கா, என்னைக்காவது என் தலையில வந்து விடியும்" என்று அவனே சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறான். ஆகட்டும், பார்க்கலாம் என்று இவள்தான் ஆறப்போட்டாள்.

தாடியைக் கூப்பிட்டார்கள்.

"நேத்து பாப்பாவுக்குக் காய்ச்சல் சார். மதியமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

"பேர் உன்னோடதுதானப்பா?"

"பேர் என்னோடதுதான் சார். ஆனா..."

அவன் அக்காவைப் பார்த்தான். வாயைத் திறந்தால், கணக்கு ஏன் போட்டுக் கொடுக்கவில்லை என்ற கேள்வி தன் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். டிபன் டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "வரேங்க்கா" என்று எப்போதும்போலத்தான் சொன்னான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று வீடு போய்ச் சேரும்வரை அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த மாதம் மூலையில் புதிதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கெட்டிக்காரி. மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த பில் வேலை, நிமிஷத்தில் முடிகிறபடி மாற்றி ஏற்றினாள். மேனேஜர் வாயெல்லாம் பல்லாக அக்காவிடம் வந்தார்.

"யார் செஞ்சதுன்னு முதலாளி கேக்கறாரு மேடம்."

அக்கா பதிவைத் திறந்தாள்.

"தாடி பேர்ல இருக்கு சார்" என்றாள் மெதுவாக.

"அட, அது அந்த மெஷின்ல கெடக்கற பேரு. அதைப் போய்ப் பாத்துக்கிட்டு" என்று சிரித்தார் மேனேஜர். "புதுப் பொண்ணுதான்னு எழுதி அனுப்புங்க."

அவர் போனார். மூலையில் அந்தப் பெண் வேறெதையோ முடித்து ஏற்றினாள். அக்காவின் திரையில், தாடியின் பெயரில், இன்னொரு வரி வந்து விழுந்தது.