தரையை அடிக்காதே

எங்கள் சித்தி வீட்டில் பிள்ளை விழுந்தால் தரைக்குத்தான் அடி. "எங்கண்ணு விழுந்துட்டியா? இந்தத் தரைதானே தள்ளிவிட்டுச்சு? அடி, நல்லா அடி!" மூன்று வயது வாண்டும் அழுகையை நிறுத்திவிட்டுத் தரையை நாலு சாத்து சாத்துவான். கதவு, நாற்காலி, மேசை என்று அவனிடம் அடி வாங்காதது அந்த வீட்டில் எதுவுமில்லை. பிறகு என்னையும் அடிக்க ஆரம்பித்தான். பொம்மை உடைந்தால் எனக்கு அடி. மழை வந்தாலும் எனக்குத்தான் அடி.

பள்ளி விட்டதும், சித்தி வேலையிலிருந்து வரும்வரை அவனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இப்படியே விட்டால் உருப்படமாட்டான் என்று பட்டது. அடுத்த முறை விழுந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "எது தடுக்குச்சு? வா, பாக்கலாம்." தடுக்கியது அவனுடைய லாரி பொம்மைதான். "எடுத்து ஓரமா வை" என்றேன். வைத்தான். அதிலிருந்து அவன் விழுந்தால் இருவருமாகக் குனிந்து குற்றவாளியைத் தேடுவோம்.

நேற்று சித்தி உள்ளே நுழைகிற நேரம் பார்த்து வாண்டு குப்புற விழுந்தான். நெற்றி புடைத்துவிட்டது. சித்தி அவனை வாரியெடுத்துக்கொண்டு என்மேல் பாய்ந்தாள்.

"ஒரு பிள்ளையப் பாத்துக்கத் துப்பில்ல? எந்நேரமும் போன்லயே கண்ணு!"

என் போன் பள்ளிப் பைக்குள் கிடந்தது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சித்தப்பா அறையிலிருந்து வந்தார். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். பிள்ளை அழுதால் கதவைச் சாத்திக்கொள்பவர்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே கிடையாது. நாளைக்கு நீ வரவேணாம். உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அறையில் பிளக் கெட்டு மாதக்கணக்காகிறது. ஹாலிலிருந்து நடைவழியில் குறுக்கே ஒயரை இழுத்துப் போட்டிருக்கிறார். எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "பாத்துக்கலாம்" என்பார். பிள்ளையைத் தடுக்கியது அதுதான். ஆனால் பழி போட இளைத்தவள் நான்தானே? நாளை அம்மா காதில் நான் பொறுப்பில்லாதவள். பள்ளிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

சித்தி வாண்டைக் கீழே இறக்கி என்னைக் காட்டினாள். "அக்காதானே உன்னக் கவனிக்கல? அடி அக்காவ!"

கையை ஓங்கிக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்த்தான். ஓங்கிய கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனான். ஒயருக்குப் பக்கத்தில் குனிந்து நின்றான்.

"அக்கா இல்ல. இதுதான் தடுக்குச்சு."

வாண்டு நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தான்.

"அப்பா, எடுத்து ஓரமா வை."