டிங்கருக்குக் கிராப்பு

இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய அன்று காலை ஹில்டா தன் நாயை ஞானபாக்கியத்திடம் ஒப்படைத்தாள். 1949ஆம் வருடம், ஜனவரி மாதம். ராயபுரம் ரயில்வே குடியிருப்பில் இருந்த சட்டைக்காரக் குடும்பங்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள், ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஞானபாக்கியத்திடம் கவுன் தைத்து வாங்க வந்து வந்து சிநேகிதியாகிப் போனவள் ஹில்டா.

"டெய்லி பிரஷ் பண்ணணும், ஞானம். ஒரு நாள்கூட விடக்கூடாது" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரிக்‌ஷாவில் ஏறினாள்.

நாயின் பெயர் டிங்கர். செம்பட்டை நிறம். தரையைத் தொடும் காது, விசிறிபோல வால், உடம்பெல்லாம் நீள முடி. முதல் இரண்டு மாதம் ஞானபாக்கியம் தவறாமல் வாரிவிட்டாள். பிறகு ஈஸ்டர் வந்தது. கோயிலுக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் ரவிக்கை தைக்க வேண்டும். இரவும் பகலும் மிஷினை மிதித்ததில் நாயை மறந்தே போனாள். டிங்கரோ காலையானால் கடற்கரைக்கு ஓடி, கட்டுமரங்களுக்கு நடுவே புரண்டுவிட்டு வந்தது. மணலும் உப்பும் மீன் செதிலும் சேர்ந்து முடி கட்டிகட்டியாய் இறுகி, நாய் மேல் பழைய கம்பளியைச் சுற்றிவிட்டது போல ஆயிற்று.

சித்திரை பாதியில் அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சோறு தின்னவில்லை. யார் கிட்டே போனாலும் உறுமியது. செவ்வாய்க்கிழமை காலை, கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பை எடுக்கக் குனிந்த ராசையாவின் வேட்டியைக் கவ்விக் கிழித்துவிட்டது.

ராசையா ஞானபாக்கியத்தின் கணவர். ராயபுரம் கல்மண்டபம் பகுதியில் கருப்பட்டி, வத்தல் மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னாலேயே வீடு. கோபம் சட்டென்று வரும் மனிதர்.

"ஏட்டி, இதுக்கு வெறி புடிச்சிருக்கு. தெருவே சொல்லுது. இன்னைக்குச் சாயங்காலம் நாய் வண்டி வருதாம். புடிச்சுக் குடுத்துருதேன்."

"வெறி இல்லங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெறி புடிச்ச நாய் தண்ணியக் கண்டா மிரளும். இது காலையில ஒரு சட்டித் தண்ணியக் குடிச்சுத் தீர்த்துச்சு. நான் நின்னு பாத்தேன். இந்த வெயிலுக்குக் கம்பளியப் போத்திக்கிட்டுக் கிடந்தா உங்களுக்கும்தான் கோவம் வரும். முடிய வெட்டிப் பாக்குதேன்."

"நாய்க்கு முடி வெட்டுவியா நீ?"

"துணி வெட்டுத கைதானே. துணி அசையாது, நாய் அசையும். அவ்வளவுதான் வித்தியாசம்."

"கடிச்சா என்ட்ட வந்து அழப்படாது" என்று சொல்லிவிட்டு ராசையா கடைக்குப் போனார். தெருமுனை நாவிதரை வேண்டுமானால் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று முதலில் அவளுக்கும் தோன்றியது. ஆனால் நாய்க்கு எடுத்த கத்தரியை அப்புறம் எந்த மனிதன் தலைக்கு வைப்பார் அவர்? அந்த யோசனையை அப்போதே விட்டாள்.

ஒரு கருவாட்டுத் துண்டைக் காட்டிக் காட்டி நாயைக் கிணற்றடிக்கு வரவழைத்தாள். அது இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்ததை அப்போதுதான் கவனித்தாள். பின்னால் இருந்து அணைத்தபடி, ரவிக்கைத் துணியில் கிழித்த பட்டையால் அதன் வாயைக் கட்டினாள். மூச்சு விட இடம் விட்டு, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டாள். அடி விழப்போகிறது என்று எதிர்பார்ப்பதுபோல அது கண்ணை இடுக்கிக்கொண்டது.

"உன்னைய நான்தான் இப்படி விட்டுட்டேன். நானே சரி பண்ணுதேன், பேசாம நில்லு" என்றாள்.

தண்ணீர் ஊற்றவில்லை. நனைத்தால் சிக்கு இன்னும் இறுகும் என்று அவளுக்குத் தெரியும். நான்கு பெண்பிள்ளைகளுக்குத் தலை வாரியவள். தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுச் சிக்கின் அடிவரை தடவினாள். பல் அகன்ற சீப்பைத் தோலை ஒட்டிச் செருகி, அதற்கு மேலேதான் கத்தரி வைத்தாள். சீப்பு நடுவில் இருந்தால் தோலில் கத்தரி படாது. வலிக்கிற காலை விட்டுவிட்டு வாலில் இருந்து ஆரம்பித்தாள். தோல் தெரிய ஒட்ட வெட்டாமல் ஒரு விரல் கனத்துக்கு முடியை விட்டாள். மொட்டையாக்கினால் வெயில் சுட்டுவிடும். கையில் சிக்கிய உண்ணிகளைப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டாள்.

வால் முடிந்தது. முதுகு முடிந்தது. முடி பாளம் பாளமாக விழுந்தது. டிங்கரின் உறுமல் மெல்ல மெல்லப் பெருமூச்சாக மாறியது.

பின்வாசல் வழியாகப் பச்சையம்மா வந்தாள். காசிமேட்டுக் குப்பத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போகிறவன். அவள் வீடு வீடாக மீன் கொடுப்பவள். கூடையை இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்தபடி நின்றாள்.

"இன்னா கடக்காரம்மா, நாய்க்குக் கிராப்பு உட்டுகினு கீறே!"

"ஆமா. எப்படி இருக்கு?"

"ஒரு பக்கம் நாய் மாரி கீது, ஒரு பக்கம் ஆடு மாரி கீது."

ஞானபாக்கியம் சிரித்தாள். "இன்னும் முடியல. இந்தக் கால்தான் பாக்கி. கொஞ்சம் புடி."

பச்சையம்மா குந்தி உட்கார்ந்து நாயை மடியோடு அணைத்துக்கொண்டாள். ஞானபாக்கியம் அக்குளில் இருந்த பெரிய சிக்கைத் தொட்டதுமே டிங்கர் துள்ளி ஓலமிட்டது. அவள் கையை எடுத்தாள். நிதானமாக, சிக்கை மேலிருந்து கீழாகக் கத்தரியால் இரண்டாகப் பிளந்தாள். பிறகு நான்காக. சீழ் வாடை அடித்தது. கடைசித் துண்டை விலக்கியபோது வீங்கிய சதைக்குள் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"அய்யய்யே, தூண்டி முள்ளு!" என்றாள் பச்சையம்மா. "கட்டுமரத்தாண்ட பொரண்டுச்சில்ல, அங்க மாட்டிகினுருக்கும். பாவம், எத்தினி நாளா வச்சிகினு கீதோ."

ஞானபாக்கியம் முள்ளின் காம்பைப் பிடித்தாள்.

"இஸ்காத! அதுக்கு எதிர்முள்ளு கீது. இஸ்தா சதையப் பிச்சிகினு வரும். முன்னால தள்ளி வெளியே எட்தாந்து, முனைய நறுக்கணும். அப்பாலதான் பின்னால வரும். எங்க ஊட்டுக்காரு கையில எத்தினி வாட்டி எட்திருக்கேன். குறடு கீதா?"

மூட்டைக் கம்பி நறுக்கும் குறடு கடையில் இருந்தது. ஞானபாக்கியம் எழாமல் கடைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏங்க! குறட எடுத்துட்டு ஓடி வாங்க!"

ராசையா வந்தார். பாதி வெட்டிய நாயையும் முள்ளையும் பார்த்தார். குறட்டைக் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, டிங்கரின் தலையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"சீக்கிரம் எடுங்கட்டி. உசுரு துடிக்குது இதுக்கு."

பச்சையம்மா ஒரே அழுத்தாக அழுத்தினாள். சதையைத் துளைத்துக்கொண்டு முனை வெளியே வந்தது. டிங்கர் அலறியது. ஞானபாக்கியம் குறட்டால் முனையை நறுக்க, பச்சையம்மா மிச்சத்தைப் பின்பக்கமாக உருவினாள். சீழும் ரத்தமும் வடிந்தன. உப்புத் தண்ணீரால் கழுவி டிஞ்சர் மருந்து வைத்தார்கள். வாய்க்கட்டை அவிழ்த்தால் கடிக்குமோ என்று ராசையா தயங்க, ஞானபாக்கியமே முடிச்சை இழுத்தாள். நாய் கடிக்கவில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ராசையாவின் முழங்காலில் முகத்தைச் சாய்த்தது.

நாலரை மணிக்கு நாய் வண்டி வந்தது. காலையில் வெறி வெறி என்று கத்தியவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். சுருக்குக் கயிறோடு வந்தவனுக்கு எதிரே ஞானபாக்கியம் டிங்கரைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வெறி நாய் கீதுன்னாங்களே?" என்றான் அவன்.

"பாத்துக்கோ. கால்ல தூண்டில் முள்ளு ஏறி வலியில கத்துச்சு. எடுத்தாச்சு. தண்ணி வச்சுக் காட்டவா?"

உள்ளே இருந்து ராசையாவே சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஞானபாக்கியம் நாயை இறக்கிவிட்டாள். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. டிங்கர் சளப் சளப்பென்று குடித்து, முடி குறைந்த உடம்பை ஒருமுறை உதறிவிட்டு வாலை ஆட்டியது. வண்டிக்காரன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"வெறியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெட்டியா இஸ்துகினு வந்துட்டாங்க" என்று கூட்டத்தைத் திட்டிவிட்டுப் போனான்.

அன்று டிங்கர் ஒரு தட்டுச் சோறு தின்றது. மறுநாள் மூன்று காலில் கடைவரை வந்தது. சனிக்கிழமைக்குள் நான்கு காலையும் ஊன்றிவிட்டது. இடது விலாவில் முடி படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கி நின்றதைப் பார்த்து, கருப்பட்டி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஞானபாக்கியம், கொஞ்சமும் கூசாமல். சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பக்கத்தையும் சமன் செய்துவிடுவதென்று கத்தரியைச் சாணை பிடிக்கக் கொடுத்தனுப்பினாள்.