இருபத்தாறு டிகிரி

ஆனி மாதச் சாரல் இறங்கி மூன்றாம் நாள். குற்றாலத்தில் அந்த லாட்ஜின் வரவேற்பறைத் தொட்டிக்குள் பெரிய ஆஸ்கர் மீன் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளைத் தாடை வரை அடுக்கிக்கொண்டு மாடிக்குப் போன மாரித்தாய் அப்படியே நின்றாள். முதலில் செத்துவிட்டது என்றுதான் நினைத்தாள். பிறகு செவுள் மெல்லத் திறந்து மூடியது. துடுப்புகளை உடம்போடு ஒடுக்கி வைத்திருந்தது. கறுப்பு உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்.

முதலாளி நயினார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"செத்தா தூக்கிப் போடு. தென்காசில போயி புதுசு ரெண்டு வாங்கிட்டு வரச் சொல்லுதேன். வருசா வருசம் நடக்கிறதுதான."

நடக்கிறதுதான். அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்த நான்கு வருடமும் அப்படித்தான் நடந்தது. சாரல் விழுந்தால் ஊருக்குக் கொண்டாட்டம், தொட்டித் தண்ணீர் சில்லிட்டுவிடும், மீன்கள் ஒவ்வொன்றாகப் போகும். போன வருடம் ஒரு ஹீட்டர் வாங்கிப் போட்டார்கள். அதன் தலையில் இருந்த திருகு சொன்ன சூடு ஒன்று, தண்ணீரில் இருந்த சூடு வேறு. ஒரு நாள் கொதித்தது. மறுநாள் அருவியில் குளித்துவிட்டு வந்த ஒருவர் அந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் செல்போனைச் சொருகிப் போனார். மூன்று மீன்களை அவள்தான் பாலிதீன் பையில் எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் புதைத்தாள். அடுத்த வாரமே அதே அளவில், அதே நிறத்தில் வேறு மீன்கள் வந்தன. தங்க வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இவளுக்குத் தெரிந்தது.

"இந்த வருசம் சாவாது மொதலாளி" என்றாள்.

நயினார் இப்போது நிமிர்ந்து பார்த்தார். "நீ என்ன வைத்தியம் பாக்கப் போறியா?"

மாரித்தாய்க்கு முப்பத்தேழு வயது. இலத்தூரிலிருந்து காலை ஏழரை பஸ்ஸில் வருவாள். அறைகளைக் கூட்டுவது, விரிப்பு மாற்றுவது, தொட்டியைக் கழுவுவது அவள் வேலை. அதற்கு முன்னால் ஆறு வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் இருந்தாள். தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு உறை, கம்பளியும் இல்லாமல் குளிர் ஹாலில் எட்டு மணி நேரம் நின்றபடி, பச்சைத் தகடு ஒன்று முன்னால் வந்து நிற்கும்போது அதன் இடது மூலையில் இரண்டு புள்ளி ஈயம் வைப்பாள். நகர்ந்துவிடும். அடுத்தது வரும். அந்தத் தகடு எங்கிருந்து வந்தது, இவள் வைத்த ஈயத்தின் வழியே என்ன போகிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு தடவை சூப்பர்வைசரிடம் கேட்டாள். 'உனக்கு எதுக்குமா அது' என்றார். ஒப்பந்தம் முடிந்தது என்று ஊருக்கு அனுப்பியபோது, ஆறு வருடத்தில் ஒரு போனைக்கூட முழுதாகச் செய்ததில்லை என்பதுதான் அவளுக்கு உறுத்தியது. வேலை போனது இரண்டாவது துக்கம்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் தேடிப் பார்த்தாள். மீன் தொட்டிக்குச் சூட்டைக் கவனிக்கும் கருவியை வீட்டிலேயே செய்கிறவர்கள் உலகமெல்லாம் இருந்தார்கள். ஒருவர் பேசியது புரியாத பாஷை. ஆனால் கை புரிந்தது. அவர் ஈயம் வைத்த விதத்தைப் பார்த்து, 'சூடு பத்தல, பிசிறு தட்டும்' என்று மனசுக்குள் சொன்னாள்.

சாமான்கள் தபாலில் வந்தன. தீப்பெட்டியளவில் ஒரு போர்டு. தண்ணீரில் போட்டு வைக்க, முனையில் எஃகு மூடி போட்ட சென்சார். போன வருடத்து ஹீட்டருக்குப் போகும் கரண்டை வெட்டவும் விடவும் ஒரு ரிலே. பழைய போன் பேட்டரியும் சார்ஜரும் வீட்டில் கிடந்தன. அதுவரைக்கும் மீனுக்குக் கல்லுப்பும், கடையில் கொடுத்த நீல மருந்தும், வேளைக்கு ஒரு வாளி வெந்நீரும் ஊற்றி ஊற்றி உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

போர்டு என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு எழுதிக் கொடுக்க கம்ப்யூட்டர் வேண்டும். வரவேற்பறை ஆவுடையப்பன் அண்ணாச்சி முதலில் யோசித்தார். பிறகு, "ரெண்டு மணிக்கு மேல ஆள் வரத்து இருக்காது. மொதலாளி வாரதுக்குள்ள முடிச்சிரு" என்று நாற்காலியை விட்டு எழுந்து டீ குடிக்கப் போனார். பத்து நாள் மதியம் டீ குடித்தார்.

முதல் தடவை இணைத்தபோது தண்ணீரின் சூடு மைனஸ் நூற்றிருபத்தேழு டிகிரி என்று காட்டியது. அவள் தொட்டியைப் பார்த்தாள். மீன் அவளைப் பார்த்தது. இரண்டு நாள் தேடிய பிறகுதான் சென்சாரின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு ரெசிஸ்டர் விட்டுப்போனது தெரிந்தது. தென்காசியில் டிவி ரிப்பேர் கடை ஒன்றுக்குப் போய்க் கேட்டாள்.

"எதுக்கும்மா? வீட்டுக்காரர்ட்ட என்ன நம்பர்னு கேட்டுட்டு வாங்க" என்றார் கடைக்காரர்.

"அவருக்கு லாரிதான் தெரியும். எனக்குத்தான் வேணும். நாலாயிரத்து எழுநூறு ஓம்ஸ். மஞ்ச, ஊதா, செவப்பு. இன்னும் வெளக்கம் வேணுமா அண்ணாச்சி?"

அவர் இழுப்பறையைத் திறந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் திரையில் எண் சரியாக வந்தது. இருபத்திரண்டு புள்ளி நான்கு. அவள் எல்லாவற்றையும் அடக்கி வைத்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ரிலே 'டக்'கென்றது. ஹீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல், அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்தாறு வந்ததும் மறுபடி 'டக்'. விளக்கு அணைந்தது. யாரும் தொடவில்லை. அவள் சொல்லி வைத்ததை அது கேட்டது. கண்ணில் நீர் முட்டியதை ஆவுடையப்பன் பார்த்திருக்கலாம். பேரேட்டைப் புரட்டுவதுபோல இருந்துவிட்டார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். சென்சார் கழன்றுபோனால் ஹீட்டர் தானாக அணைய வேண்டும். யாராவது பிளக்கைப் பிடுங்கினால் கத்த வேண்டும். கரண்டு போனால் ஜெனரேட்டர் வர நேரமாகும் என்று கத்துமுன் ஒரு நிமிடம் பொறுமை கொடுத்தாள். டப்பாவை நான்கு திருகு போட்டு மூடி, தொட்டிக்குப் பின்னால் மறைவாக வைத்தாள். ஒரு வாரத்தில் மீனின் வெள்ளைப் புள்ளிகள் உதிர்ந்தன. அது நடுத்தண்ணீருக்கு வந்து, பக்கத்திலிருந்த சின்ன மீனை விரட்ட ஆரம்பித்தது.

ஆடி முதல் ஞாயிறு. மெயின் அருவியில் நிற்க இடமில்லை. வரவேற்பறை முழுக்க ஈரத்துண்டும் எண்ணெய் வாடையும். மதுரையிலிருந்து வந்த ஒருவர் பிளக்கைப் பிடுங்கி செல்போனைச் சொருகினார். ஒரு நிமிடம் கழித்து டப்பா வீல் என்று அலறியது. மாரித்தாய் மாடியிலிருந்து ஓடி வந்து பிளக்கை மாட்டினாள். சத்தம் நின்றது. நயினார் உள்ளறையிலிருந்து வந்தார்.

"இது லாட்ஜா, ஃபயர் சர்வீஸா? என்னட்டி டப்பா இது?"

"தண்ணிச் சூட்ட பாத்துக்கிடுத மெசினு மொதலாளி. நான் செஞ்சேன்."

"ஒன்ன வேலைக்கு வச்சது பெட்ஷீட்டுக்கு."

"பெட்ஷீட்டுல என்ன கொறை கண்டிய? சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நயினாரின் கழுத்து சிவந்தது. "மீனு என்னுது. தொட்டி என்னுது. கரண்டு என்னுது."

"டப்பா என்னுது" என்றாள் மாரித்தாய்.

அவர் குனிந்து பிளக்கைப் பிடுங்கி வயரைத் தரையில் எறிந்தார். டப்பா சத்தம் போடவில்லை. "முடிஞ்சிது பாத்தியா?" என்று மதுரைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு எந்த அறை, அருவிக்கு எப்போது போகலாம் என்று விசாரிக்கவும் ஆரம்பித்தார். மாரித்தாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

அலறல் கூரையில் மோதியது. நயினார் டப்பாவைத் தட்டினார். உலுக்கினார். மூடியை நகத்தால் நெம்பினார். அதன் பேட்டரி உள்ளே இருந்தது, திருகுகள் இறுகியிருந்தன. ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"திருப்புளி எங்க வே?" என்று ஆவுடையப்பனிடம் கத்தினார்.

"எங்கன வச்சேன்னு தெரியலையே" என்றார் ஆவுடையப்பன்.

"நிப்பாட்டுட்டி இத."

"பிளக்க மாட்டுங்க. அதுவா நிக்கும்."

"நீ மாட்டு."

"நான் புடுங்கல மொதலாளி."

அவள் குரல் உயரவில்லை. அத்தனை பேர் பார்க்க, நயினார் முழங்காலிட்டு, தொட்டிக்கு அடியில் கையை நுழைத்துத் துழாவி, பிளக்கை மாட்டினார். அறை அமைதியானது. உள்ளே ரிலே 'டக்'கென்றது.

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டவர், அவளைப் பார்க்காமல் சொன்னார்: "நாளையில இருந்து நீ மாடியோட இருந்துக்கிடணும். கீழ ஒன்னப் பாத்தேன், வேலையில்ல."

சாயங்காலம் பஸ் ஏறினாள். வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்தாள். செங்கோட்டையில் கேட்டுப் பார்க்கலாம். கணவரிடம் சொன்னபோது, "மன்னிப்பு கேட்டுரு, தீந்துது" என்றார். அவள் அவருக்குச் சோற்றைப் போட்டாள்.

மறுநாள் அறைகளை முடித்தாள். எல்லா விரிப்புகளும் சுருக்கமில்லாமல் இருந்தன. பத்து மணிக்கு வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஆவுடையப்பன் பேனாவை வைத்துவிட்டார். நயினார் சோபாவில் இருந்தார். அவள் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் போய் நின்று, பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

வெளியே சாரல் வலுத்தது. அவர் எழுந்து தொட்டிக்கு முன்னால் வந்தார். இரண்டு கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் அப்பால் அவர் முகம் அகன்று, நெளிந்து தெரிந்தது. வாய் அசைந்தது. காற்று மோட்டாரின் சலசலப்பில் என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. அவள் துணியைப் பிழிந்து, அடுத்த மூலையைத் துடைத்தாள். பெரிய மீன் மெல்லத் திரும்பி, அவருடைய முகத்துக்குக் குறுக்கே, அவசரமில்லாமல் நீந்திப் போனது.