மாப்பிள்ளையின் கனம்

விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த ஆள் உருவ டம்மிகளில், இருப்பதிலேயே பெரியதைத்தான் குஷன் முதலில் போய்க் கட்டிப் பிடித்தான். கார் சீட்டுக்கும் சோபாவுக்கும் உறை தைப்பது அவன் தொழில். தெருவே அவனைக் குஷன் என்று கூப்பிட்டது; அவனைப் பெற்றவளுக்கும் கோபம் வந்தால்தான் உண்மைப் பெயர் ஞாபகம் வரும்.

டம்மி அவனுக்கு இல்லை, தங்கைக்கு. அவள் ஜூடோ ஆடுகிறவள். அவளோடு ஜோடி சேர்ந்து பயிற்சி செய்த பெண் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலும் எறிந்து பழக ஒரு டம்மி வாங்கி வைத்துக்கொள் என்று மாஸ்டரம்மா சொல்லியிருந்தார். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அந்த அம்மாள் ஒன்றைச் சொன்னால் இவர்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

கட்டிப் பிடித்தவன் தூக்கப் பார்த்தான். டம்மி முழங்கால் உயரத்துக்கு வந்தது. அதற்குமேல் அசைவேனா என்றது. காது சிவந்ததுதான் மிச்சம்.

"சார், கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கறீங்க. கொஞ்சம் நகர்த்தியும் காட்டுங்க" என்றார் கடைக்காரர்.

கடைப்பையனிலிருந்து கல்லாவில் இருந்தவர்வரை சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. வந்து அவன் தோளைத் தொட்டாள்.

"விடுண்ணா. இது தூக்கறதுக்கு இல்ல, எறியறதுக்கு. ஒரு தடவை எறிஞ்சிட்டு மூச்சு வாங்கிட்டு நின்னா என்ன பிரயோஜனம்? ஒரே மாதிரி திரும்பத் திரும்ப எறியணும். என் எடையில மூணுல ஒரு பங்கு இருந்தாப் போதும். மிஞ்சிப்போனா பாதி. அதுக்கு மேல போனா இடுப்புதான் போகும்."

பிறகு நிதானமாகத் தேர்ந்தெடுத்தாள். உயரம் அவள் நெற்றிவரை வருகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தாள். தோள்மூட்டில் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று விரலை விட்டு இழுத்தாள். சட்டையைப் பற்றுவதுபோலப் பிடித்துப் பார்த்து, வழுக்கும் ரெக்சினை வேண்டாமென்று தள்ளி, கெட்டித் துணியில் தைத்ததை எடுத்தாள். முதுகில் இருந்த ஜிப்பின்மேல் மூடுதுணி இருக்கிறதா என்றும் பார்த்தாள், முகத்தில் கீறாமல் இருக்க. கடைசியில் உள்ளே ஒன்றும் அடைக்காத வெறும் உறையாக ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

"அடைச்சே தர்றோமே" என்றார் கடைக்காரர்.

"அடைக்க வீட்டிலயே ஆள் இருக்கு. இவரு கை வேலையைப் பார்த்தா நீங்க இங்கயே வேலைக்குக் கூப்பிடுவீங்க."

குஷனின் கன்னத்தில் சூடு இறங்கவில்லை. ஒரு காலத்தில் அவனும் ஜூடோ ஆடியவன்தான். முதல் போட்டியில் நடுவர் கையை இறக்குவதற்குள் மல்லாந்து கிடந்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டில் அதை யாரும் சொல்லிக் காட்டியது கிடையாது. சொல்லாமல் இருந்தது அவனுக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பட்டறைக்கு வந்ததும் அவள் சொன்னபடியே அடைத்தான். பழைய துணியைத் துண்டுதுண்டாக நறுக்கி, பாதத்திலிருந்து தொடங்கி, கட்டையால் இடித்து இடித்து, கட்டி தட்டாமல் இறுக்கினான். மணல் கூடவே கூடாது என்று மாஸ்டரம்மா சொல்லியிருந்தார். மணல் ஓரிடத்தில் இறங்கி நிற்கும். விழும்போது காலில் விழுந்தால் எலும்பைப் பதம் பார்க்கும். பஞ்சுமூட்டை நிறுக்கும் தராசில் நிறுத்துச் சரிபார்த்து, பட்டறைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் கொண்டு போய் நிறுத்தினான். அங்கே தரை முழுக்க அவனே தைத்த ஃபோம் மெத்தைகள். மூலையில் கிடந்த இரும்பு பெஞ்சைத் தங்கை வெளியே தள்ளினாள். எறியும் இடத்தில் கூரான எதுவும் இருக்கக் கூடாதாம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஒரு மாப்பிள்ளை பாருடான்னா, துணியை அடைச்சுக் கூட்டிட்டு வந்திருக்கியே."

"இவரே போதும்மா. எதிர்த்துப் பேசமாட்டாரு" என்றாள் தங்கை.

அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். "மாப்பிள்ளை சாஞ்சு கிடக்காரு, நிமிர்த்துங்க" என்று அம்மாகூடச் சொல்ல ஆரம்பித்தாள்.

முதல் சில நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் காலையில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, முட்டியை மடக்கி, இடுப்பை உள்ளே கொடுத்து, மாப்பிள்ளையை முதுகின்மேல் உருட்டி மெத்தையில் போடும் சத்தம் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அலுப்புத் தட்டினால் அப்போதே நிறுத்திவிடுவாள். ஒருநாள் அவள் அம்மாவிடம் சொன்னது, வாயில் குண்டூசி கவ்விக்கொண்டு சீட் உறை தைத்துக்கொண்டிருந்தவன் காதில் விழுந்தது.

"ரொம்ப லேசா வருதும்மா. அண்ணனே தூக்கி எறிஞ்சிடுவான்."

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அந்த 'அண்ணனே' எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. அவள் கல்லூரிக்குப் போனபின், ஒரு சின்னத் துணிப்பையில் மணலைக் கட்டி, வாயைத் தைத்து, ஜிப்பைத் திறந்து மாப்பிள்ளையின் வயிற்றுக்குள் நடுவாக வைத்தான். எதிரே வந்து நிற்கப்போகிறவள் என்ன துணியால் ஆனவளா, கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏறினால் தன்னால் பலம் வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தேர்வில் ஜெயித்துவிட்டு வந்தபின் விஷயத்தைச் சொன்னால் அவளே சிரிப்பாள் என்றும் நினைத்தான். இதற்கெல்லாம் அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் இன்னொரு பை. அதற்கடுத்து இன்னொன்று.

கொட்டகையில் சத்தம் குறைந்தது. எறிகிற சத்தத்தைவிட அவள் மூச்சுத்தான் அதிகம் கேட்டது. முட்டியை மடக்குவதை விட்டுவிட்டு முதுகை வளைத்து இழுத்தாள். ஒரு தடவை மாப்பிள்ளை பாதியில் சரிந்து அவள் முழங்காலுக்குக் கீழே விழுந்ததில் அந்த இடம் கன்றிப்போனது. அதைத் தேய்த்துக்கொண்டே பட்டறைக்கு வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, இதுல ஏதாவது சேர்த்தியா?"

சொல்லிவிட வாய் திறந்ததுதான். அவள் முகத்தைப் பார்த்தான். கடைப்பையன் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

"துணி எப்படிம்மா கனக்கும்? போன மாசம் காய்ச்சல்ல படுத்தியே, அதுல உடம்பு இறங்கியிருக்கும். தினம் ரெண்டு முட்டை சாப்பிடு."

"அதான் இருக்கும்" என்று அவள் தலையாட்டினாள். சந்தேகம் தீர்ந்த முகம் அது. தராசு பின்னாலேயே இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அண்ணன் சொன்ன பிறகு தராசு எதற்கு?

அன்று ராத்திரி படுத்தபின், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தான். மறுநாளே எடுத்தால் சந்தேகம் வருமே என்று தள்ளிப் போட்டான். இப்படியே போனது. அவள் முட்டையை மருந்துபோல விழுங்கினாள். கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்த்தாள். இடுப்பில் வலி வந்து, தைலம் தடவிக்கொண்டு படுத்தாள். மாப்பிள்ளையைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு நின்றுபோனது. ஜூடோ கிளப்பில் மாஸ்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எறிய உள்ள நுழையறப்பவே பயப்படறே. முன்னாடி இப்படி இல்லியே" என்று கேட்டாராம். இதை அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சனிக்கிழமை போய்த் தேர்வுலேர்ந்து பேரை எடுத்துடச் சொல்லப்போறேம்மா. என் உடம்பு அவ்வளவுதான்போல."

கூடத்தில் உட்கார்ந்திருந்த குஷன் காதில் அது விழுந்தது. எழுந்து அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அவன் எழுந்து போய்க் கை கழுவினான்.

மறுநாள் அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் ஜிப்பைத் திறந்து பைகளை எல்லாம் எடுத்தான். இடைவெளியில் நறுக்கிய துணியை அடைத்தான். தராசில் நிறுத்தான், பழைய கணக்கு. பைகளைப் பட்டறை மேஜைக்கு அடியில் தள்ளினான். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டோம் என்று மூச்சு விட்டபோது, அது திருடன் விடுகிற மூச்சு மாதிரி அவனுக்கே கேட்டது.

சாயங்காலம் அவள் அரைமனதாகக் கொட்டகைக்குப் போனாள். முதல் எறியிலேயே மாப்பிள்ளை பறந்துபோய் மெத்தையில் விழுந்தது. அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்று எறிந்தாள். இன்னொன்று. பிறகு ஓடி வந்து மெஷினையே நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, வந்துடுச்சு. பலம் திரும்பி வந்துடுச்சு. நீ சொன்ன முட்டைதான்."

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொட்டகை வாசலில் நிறுத்தினாள். பார் பார் என்று எறிந்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது. முகத்தில் ஈயாடாமல் அவன் நின்றான். ஏசியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பான், அவள் நன்றி சொன்னாள். நிறுத்தாமல் எறிந்தாள். வேர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு எறிக்கும் பின்னால் இடது கை இடுப்புக்குப் போய்த் திரும்பி வருவதை அவன் கவனித்தான். வலி இன்னும் அங்கேயேதான் இருந்தது. முட்டியும் மடங்கவில்லை, மணலோடு போராடியபோது பழகிய அதே கோணல் முதுகு.

"போதும்மா."

"இன்னிக்குத்தான் வருது, இப்பப் போய்ப் போதுங்கறியே. நாளைக்குப் போயிடுச்சுன்னா?"

"இடுப்பு வலிக்குதில்ல?"

"வலிச்சா வலிக்கட்டும்."

அலுப்புத் தட்டினாலே நிறுத்துகிறவள், இப்போது வலிக்கட்டும் என்கிறாள். அவன் திரும்பிப் பட்டறைக்குள் போனான். மேஜைக்கு அடியில் குனிந்து பைகளை வாரி நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்து, மெத்தைமேல் அவள் காலடியில் போட்டான். போட்ட சத்தமே பாதியைச் சொல்லிவிட்டது.

"உன் பலம் எங்கயும் போகல. இதெல்லாம் அதுக்குள்ள இருந்தது. நான்தான் வச்சேன். காலையிலதான் எடுத்தேன்."

அவள் குனிந்து ஒரு பையை எடுத்தாள். கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாள். தையலைப் பார்த்தாள்; அண்ணனின் தையல், யாருக்கும் அவ்வளவு நெருக்கமாக விழாது. அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். ஏன் வைத்தாய் என்று கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். கடையில் எல்லாரும் சிரித்ததையும், 'அண்ணனே' என்று அவள் சொன்னதையும், பழைய போட்டியையும் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனியில் வைத்திருந்தான். அவள் அதைக் கேட்கவில்லை.

"நான் வந்து கேட்டேனே, அப்ப?"



அவள் பையை மெத்தை ஓரத்தில் மெதுவாக வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அம்மா அவனை உண்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதற்குச் சற்று நேரத்துக்குப் பிறகு.

சனிக்கிழமை அவள் கிளப்புக்குப் போனாள். பெயரை எடுக்கச் சொல்லவில்லை. நடந்ததை மாஸ்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நாள் எதையும் எறியாமல், இடுப்பைக் கொடுத்துத் திரும்புவதை மட்டும் வெறுங்கையால் பழகச் சொல்லிவிட்டாராம். இது அம்மா வழியாகத்தான் அவனுக்குத் தெரியவந்தது. தங்கை அவனோடு பேசாமல் இல்லை. சாப்பிட வா என்பாள், சாவி எங்கே என்பாள். அவ்வளவுதான். மறுபடி எறிய ஆரம்பித்தபோது ஜிப்பில் ஒரு சின்னப் பூட்டு தொங்கியது. தினமும் பயிற்சிக்கு முன்னால் டம்மியை இழுத்துக்கொண்டு வந்து பட்டறைத் தராசில் போட்டு முள்ளைப் பார்ப்பாள். அவன் அந்த நேரத்தில் மெஷினில் நூல் கோப்பதுபோலக் குனிந்துகொள்வான்.

தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால் டம்மியின் தோள்மூட்டில் தையல் விட்டுப்போனது. அப்படியே எறிந்தால் அதன் கை பிய்ந்து அவள் நிலை தடுமாறி விழுவாள். அவள் அதைத் தூக்கி வந்து மேஜைமேல் கிடத்தினாள்.

"பொம்மைக்குத் தோள் விட்டுடுச்சு."

பொம்மை. மாப்பிள்ளை இல்லை.

முன்பென்றால் போட்டுவிட்டுப் போய், முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வாள். இப்போது சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்துவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். குஷன் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டான். உள்பக்கமாகத் துணி வைத்து, மெழுகு பூசிய நூலால் போய் வந்து போய் வந்து தைத்தான். அவள் கண் அவன் கையைவிட்டு நகரவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு தடவைகூட இல்லாதபடி ஊசி விரலில் ஏறியது. அவன் கையை உதறாமல் அடுத்த தையலைப் போட்டான்.

நூலை முடிச்சிட்டு அறுத்ததும், அவள் கேட்பதற்கு முன்பே, இரண்டு கைகளையும் விரித்து அவள் முன்னால் நீட்டினான். அவள் அவன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு டம்மிக்குள் தன் கையை விட்டு, அடிவயிறுவரை துழாவிப் பார்த்து, ஜிப்பை இழுத்துப் பூட்டினாள்.

"கால் பக்கம் பிடி. தராசுக்குக் கொண்டுபோகணும்" என்றாள்.

அவன் பிடித்தான்.