கரண்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

தட்டுகள் என்னிடம், பெட்டி சிகாமணியிடம். எங்கள் சிநேகிதத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கப்பலில் சமையல்காரனாக இருந்த காலத்தில் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலும் லண்டனிலும் பழைய கடைகளைக் கிளறிக் கிளறி நான் சேர்த்தவை ரெகே, சோல் என்கிற கறுப்பர் பாட்டு இசைத்தட்டுகள். மற்றவன் டேப்ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தான். நான் டிரங்குப் பெட்டி நிறையத் தட்டோடு வந்து இறங்கினேன். 'பொழைக்கத் தெரியாத மனுஷன்' என்று என் மனைவி அமலோற்பவம் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறுத்ததில்லை.

கேட்க ரிக்கார்டு பெட்டி வேண்டுமே? சங்கராபுரம் சாலையில் மைக் செட் கடை வைத்திருந்த தெய்வசிகாமணியிடம் போனேன். ஜமைக்காத் தட்டுகளுக்கு நடு ஓட்டை பெரிது, நம்மூர்ப் பெட்டியில் உட்காராது. அவன் கொய்யாக் கட்டையைச் சீவி ஓட்டைக்கு அடைப்பு செய்தான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஒயர் கூடையில் தட்டுகளோடு அவன் கடைக்குப் போவேன். அவனுக்கு வார்த்தை ஒன்றும் புரியாது. எனக்கு மட்டும் என்ன, பாதிதான் புரியும். பேஸ் கிடார் நெஞ்சுக்குள் இடிக்கும்போது இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொள்வோம்.

ஒரு விஷயம். கடைக்குள் அவன் எனக்குச் சிகாமணி, நான் அவனுக்குத் தாஸு. தெருவில் பார்த்தால் நான் சொல்வது 'வாங்க, போங்க'. அவன் விவசாயக் குடும்பம், நான் காலனி. யாரும் சொல்லித்தரவில்லை, வாசற்படி தாண்டியதும் நாக்கு தானாக மாறிக்கொள்ளும். அவனும் ஒருநாளும் கருணாபுரத்தில் என் வீட்டுக்கு வந்ததில்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு அவன் சனங்கள் சாலையில் இறங்கினார்கள். புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் விற்க வந்தவர்கள் திரும்ப வழியில்லாமல் பஸ் ஸ்டாண்டில் மூட்டைமேல் படுத்துக் கிடந்தார்கள். எங்கேயோ காலனிக் குடிசைகள் எரிந்ததாகப் பேச்சு வந்தது. எது நிஜம், எது புரளி என்று தெரியாமல் எங்கள் தெருவே தூக்கம் கெட்டது.

மறியலில் முழங்கியது சிகாமணியின் மைக். அவன் கடைப் பெயர் எழுதிய ஸ்பீக்கர் குழாயை என் மகள் ஜூலியா பார்த்துவிட்டு வந்தாள்.

"இனிமே அந்தாளு கடைக்குப் போவாதப்பா. போனியின்னா நம்ம தெருவுல ஒருத்தனும் உன் மொகத்துல முழிக்க மாட்டான்."

எனக்குக் கோபம் மறியல்மேல் இல்லை. கேட்பவன் கேட்கட்டும். கோயிலை மாற்றிக்கொண்டு கிறிஸ்தவர்களானதில் எங்களுக்கு எஸ்.சி. சலுகை போனது, தெரு மட்டும் மாறவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் நாங்கள். என் கோபமெல்லாம் அந்தக் குழாய்மேல். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு அதிலிருந்துதான் வரும்.

அலமாரியில் ஒரு தட்டு காத்திருந்தது. மறியலுக்கு முன் பழைய கப்பல் நண்பன் அனுப்பியது. வெறும் வெள்ளை லேபிள், பாடியவர் பெயர்கூட அச்சிடாதது, விற்பனைக்கு வருமுன் சிலதே போடுவார்கள். இப்படி ஒன்றுக்காக நாங்கள் வருஷக்கணக்கில் ஏங்கியிருந்தோம். முதல் தடவை சேர்ந்துதான் கேட்பது என்று பேச்சு. பெட்டியும் இல்லை, அவனும் இல்லை என்றால் அதில் சோறு போட்டுத் தின்ன வேண்டியதுதான்.

ஞாயிறு மதியம் தெரு சட்டென்று அடங்கியது. எட்டிப் பார்த்தேன். சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டித் தள்ளிக்கொண்டு சிகாமணி வருகிறான். வேட்டியெல்லாம் புளிய இலை, முட்டியில் சிராய்ப்பு. வெட்டிப்போட்ட மரங்களுக்கு மேலே சைக்கிளைத் தூக்கித் தூக்கி வந்திருக்கிறான். வாசலுக்கு வாசல் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஒருவன் கையில் கட்டை இருந்தது.

என் வாசலுக்கு வந்து நின்றான்.

"மைக்கு குடுக்கலன்னா எங்காளுங்க வுட மாட்டாங்க தாஸு. எம் பையன் சுபாஷுக்கும் ஒரு சீட்டு வேணும். ஆனா அந்தக் குடிசை சமாச்சாரம்..." வேட்டியிலிருந்த புளிய இலையைத் தட்டினான். "தூங்கியே ரொம்ப நாளாவுது. பாட்டு கேக்கலாம்னு வந்தேன். போன்னா போயிடறேன்."

தெரு முழுக்க என் வாயைப் பார்த்தது. பயமாகத்தான் இருந்தது. 'வாங்க' என்று சொல்லியிருந்தால் வம்பில்லை, யாரோ வந்தார், போனார் என்று ஆகியிருக்கும்.

"உள்ள வா, சிகாமணி," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஜூலியா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கட்டை வைத்திருந்தவன் காறித் துப்பினான். அதோடு விட்டான். அவனுக்கும் அலுப்பு.

சிகாமணி பெட்டியை இறக்கி, ஒயரை நீட்டி, பிளக்கைச் சொருகினான். ஒன்றும் அசையவில்லை.

"இன்னா, கரண்டு இல்லியா?"

"நேத்தே போச்சு. உங்காளுங்க வெட்டன மரம் கம்பி மேலதான வுழுந்துகினு கெடக்குது."

மைக் செட்காரன் கரண்டை மறந்து கிளம்புவது, மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஊர்வலம் போன கதை. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை.

கொஞ்சநேரம் கழித்து எழுந்தான். கொய்யாக் கட்டையை நடுவில் வைத்து, வெள்ளை லேபிள் தட்டைப் பொருத்தினான். ஊசியை இறக்கி, ஆள்காட்டி விரலால் சுற்றினான்.

"காத கொண்டா இங்க."

ஊசியிலிருந்தே வந்தது, கொசு அளவு சத்தம். பஸ் ஓடுகிற நாளாக இருந்தால் கேட்டே இருக்காது. யாரோ ஒரு பெண் பாடினாள். விரல் தளர்ந்தால் அவள் குரல் சரிந்தது, முடுக்கினால் ஏறியது. பேஸ் கிடார் கேட்கவில்லை, பழகிய நெஞ்சு தானே போட்டுக்கொண்டது. எங்கள் இரண்டு தலையும் பெட்டிமேல் முட்டிக்கொண்டிருந்தன. அவன் வியர்வை என் நெற்றியில் வழிந்தது. இத்தனை வருஷத்தில் அவனை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கிழவனாகிவிட்டிருந்தான்.

"கை வலிக்குது. நீ சுத்து," என்றான்.

சுற்றினேன். வெளியே ஆட்கள் முணுமுணுப்பது குரலை அமுக்கியது. அடுப்படியிலிருந்து ஜூலியா வந்தாள். எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். போய் வாசற்கதவைச் சாத்தினாள்.

இப்போது கொஞ்சம் நன்றாகக் கேட்டது.