போகிறவர் ஆளட்டும்

வச்சலா கல்வி அதிகாரியைப் பார்க்க இன்னும் பதினேழு மணி நேரம் இருந்தது. அதற்குள் ஜெய்புன்னிசா ஒரு விஷயத்தை அவளிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், நாளைக்குச் செங்கல்பட்டு ஆபீசில் அந்த அதிகாரியே சொல்லிவிடுவார்.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர்கள். ஜெய்புன்னிசா செங்கல்பட்டு அரிசி மண்டிக்காரர் ஜலாலுதீனின் மகள். சதுரங்கப்பட்டினத்தில் வச்சலா பார்த்துக் கொடுத்த அறையில், வச்சலா வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாள். போன வாரம் அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம் மாறுதல் வந்தது. ஹெட்மாஸ்டர் பழிவாங்கிவிட்டார் என்று வச்சலா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாறுதலை ரத்து செய்யச் சொல்லத்தான் அதிகாரியைப் பார்க்கப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு வருஷமாக அவர்களுடைய கற்பனைத் தீவு அங்கேதான் நடந்துவந்தது. வரைபடம் கிடையாது. அரசாங்கம் மட்டும் உண்டு. அது அடிக்கடி மாறும். எழுபத்திரண்டில் மழைக்காலத்துக்கு மட்டும் ராஜா இருந்தார். வெயில் காலத்தில் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். பிறகு, அதிகம் திட்டு வாங்கியவருக்கு இரண்டு ஓட்டு என்றாயிற்று. ஜனங்கள் வேண்டுமென்றே திட்டு வாங்க ஆரம்பிக்கவே, வச்சலா அதைக் கலைத்தாள். கலைப்பது எப்போதும் அவள்தான். ஜெய்புன்னிசா யோசனை சொல்வாள், வச்சலா திருத்துவாள், திருத்தியதுதான் சட்டம்.

“புதுசா ஒண்ணு,” என்றாள் ஜெய்புன்னிசா. “தீவை விட்டு ஒரேயடியா போறவங்கதான் ஆளணும். கப்பல் ஏறுறதுக்கு முன்னால ஒரு மாசம்.”

“ஏன்டி, போறவன் இருக்கிறதையெல்லாம் சுருட்டிகினு பூடுவான்.”

“ஒரு பொட்டிக்கு மேல எடுத்துட்டுப் போகக் கூடாது. அவனுக்கு யார் தயவும் வேணாம். பயப்படாம நெசத்தைச் சொல்லுவான்.”

கீழே வலையைச் சுமந்து போன பூவராகவன் அண்ணாந்து பார்த்தார். வச்சலாவின் சித்தப்பா அவர். “இன்னா டீச்சரம்மா, இன்னிக்கி யார் கவுர்மெண்ட்டைக் கவுத்துகினு கீறீங்க?”

“உன்னுதைத்தான்,” என்றாள் வச்சலா. “ சித்தியாண்ட உஷாரா இருன்னு சொல்லு!”

அவர் சிரித்துக்கொண்டே போனார். வச்சலா காலை ஆட்டியபடி யோசித்தாள்.

“சரி, ஒரு திருத்தம். தானா போறவன் மட்டும்தான் ஆளலாம். தொரத்தி அனுப்பினவன் கூடாது. இல்லேன்னா வேண்டாதவனையெல்லாம் ராஜாவாக்கி அனுப்பிடுவானுங்க, இப்ப உன்னை அனுப்புற மாதிரி.”

“சரி.”

“அப்போ யாருடி ஆள்றது? நம்ம தீவை விட்டு எவ தானா போவா? நாற்காலி காலியாத்தான் கெடக்கும்.” வச்சலா சிரித்தாள். “பாத்தியா, ஒரு நிமிஷம் தாங்கலை உன் சட்டம். கலைச்சிடறேன்.”

“கலைக்காதே.”

நாலு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதில்லை. வச்சலாவின் கால் நின்றது.

“நாளைக்கு நீ ஆபீசுக்குப் போக வேணாம், வச்சலா.”

“நீ ஏன் பயந்துகினு கீறே? நான் பேசிக்கிறேன். எப்பவும் உனக்கும் சேத்து நான்தானே பேசறேன்?”

“ஆமா,” என்றாள் ஜெய்புன்னிசா. கடலைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அவள் வச்சலாவைப் பார்த்தாள்.

“ஹெட்மாஸ்டர் ஒண்ணும் பண்ணலை. மாறுதல் கேட்டு எழுதிக் குடுத்தது நான்தான்.”