ஒரே கட்டளையில் மூன்று டைரக்டரி

1

இந்தக் கதை தீவிலிருந்து அக்கரை பட்டர்வொர்த் போகிற ஃபெர்ரியில் கிடைத்தது. சொன்னவள் கமலாம்பிகை. 1991இல் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவள். கதாநாயகியிடம் ஒரு குறையாவது வேண்டுமே என்று தேடினேன். அகப்படவில்லை.

2

முதல் தொடக்கம்: கடற்காற்றில் அவள் கூந்தல்... (அடித்துவிட்டேன். அவள் கெட்டிக்காரத்தனம் கூந்தலில் இல்லை.)

இரண்டாவது: ஃபேக்டரியில் மூன்று உற்பத்தி லைன்கள். ஒவ்வொரு லைனின் அன்றைய டெஸ்ட் ரிசல்ட்டும் கம்ப்யூட்டரில் அன்றைக்கென்று திறக்கும் தனித்தனி டைரக்டரியில், அதாவது ஃபைல்கள் வைக்கும் அடுக்கில், சேரும். உள்ளே என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று காட்டும் கட்டளை, ஒரு தடவைக்கு ஒரு டைரக்டரியைத்தான் ஏற்கும். கமலாம்பிகை அதைத் திருத்தினாள். மூன்று பெயரையும் சேர்த்துத் தட்டினால், மூன்று பட்டியலும் அதனதன் தலைப்போடு வரும்.

(இதெல்லாம் ஒரு கதையா என்பவர்கள், தினமும் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு வரவும்.)

3

கொடுத்த மூன்று பெயரில் ஒரு டைரக்டரி இல்லாவிட்டால்? அவளுடைய முதல் புரோகிராம் அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி உட்கார்ந்தாள். இப்போது இருப்பதையெல்லாம் காட்டும். இல்லாததை இல்லை என்று ஒரு வரியில் சொல்லும்.

சூப்பர்வைசர் வாசுவுக்கு அந்த வரி பிடிக்கவில்லை. (வில்லனாக்கப் பார்த்தேன். பாவம், பயந்த மனிதர்.)

"நாளைக்கு கஸ்டமர் வர்றாங்க. அந்த வரிய எடுத்துரு லா. இருக்கறத மட்டும் காட்டு."

"அண்ணே, ஃபேக்டரி பஸ் ஒரு ஸ்டாப்புல ஆள் இல்லன்னா திரும்பியா போயிடுது? மத்தவங்கள ஏத்திக்கிட்டு வருது. ஆனா யாரு வரலன்னு டிரைவர் ஃபேக்டரி கேட்டுல சொல்லணும்ல?"

"உன் வேலைய நிரந்தரமாக்குற பேப்பர்ல நான்தான் சைன் வைக்கணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணே."

வரியை அவள் எடுக்கவில்லை.

4

மறுநாள் கஸ்டமர் முன்னால் மூன்று பெயரையும் தட்டினாள். முதல் லைன் வந்தது. மூன்றாவதும் வந்தது. இரண்டாவதற்கு: அப்படி ஒரு டைரக்டரி இல்லை. காலை ஷிஃப்டில் யாரோ ரிசல்ட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மறந்திருந்தார்கள். வாசு வெளிறிப்போனார்.

"ரெண்டாவது லைன் சரக்கு டெஸ்ட் ஆனதுக்கு அத்தாட்சி இல்ல. இன்னிக்கு அனுப்பக் கூடாது" என்றாள்.

(இங்கே கைதட்டல் என்று எழுதி அழித்தேன். அங்கே யாரும் தட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நான்தான் ஃபெர்ரியில் தட்டினேன்.)

5

சாயங்காலம் வாசு அவளைக் கூப்பிட்டார். மேசைமேல் அந்தப் பேப்பர். பேனாவை எடுத்து...

கையெழுத்து விழுந்ததா என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். விழுந்தது என்றால் சமர்த்து என்பீர்கள். விழவில்லை என்றால் பிழைக்கத் தெரியாதவள் என்பீர்கள். அவள் அறைக்குள் போகும்போது அவளுக்கும்தான் தெரியாது. பேனாவை உங்களிடம் தருகிறேன், எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். அவள் எடுக்க மறுத்த வரியை மட்டும் நீங்களும் எடுக்கக் கூடாது.